அபராதம் அரசுக்கு, அவமானம் நோயாளிக்கு

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராமில் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கத் தொடங்கின. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் அங்கிருந்த பாட் எனப்படும் தானியங்கி நிரல்களிடம் கேட்டு 1,500-க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிப் பார்த்தார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோயின் பெயர் என எல்லாம் அவற்றில் இருந்தன. ஒரு கோப்பு கேரளத்தில் சிகிச்சை பெற்ற ஒரு வயதுக் குழந்தையுடையது. ரத்தப் பரிசோதனையிலிருந்து ஏறக்குறைய 15,000 ரூபாய் பில் வரை முழுக் கட்டும் அதில் கிடந்தது. மூன்று கோடிக்கும் அதிகமானோரின் விவரங்கள் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டார்.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் வழக்குப் போட்டு, அந்த பாட்களையும் தளங்களையும் இந்தியாவில் முடக்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் பெற்றது. செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் வழக்கில் வாதி நிறுவனம், பிரதிவாதிகள் டெலிகிராம், ஹேக்கர் முதலானோர். குழந்தையின் தகப்பனார் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எங்கே போவார், யாரிடம் கேட்பார், என்ன கிடைக்கும்? மருத்துவமனை, கிளினிக், லேப், காப்பீட்டு நிறுவனம் என்று நம் உடம்பின் கணக்கை வைத்திருக்கும் எவரிடமிருந்து தகவல் கசிந்தாலும் எழும் கேள்வி இது. இந்தியச் சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. இருக்கும் விடையும் இப்போது நோயாளிக்கு எதிரான திசையில் மாறிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் நஷ்டத்தின் தன்மையைப் பார்த்துவிட வேண்டும். ஏடிஎம் அட்டை எண் கசிந்தால் அட்டையை முடக்கிப் புதிது வாங்கலாம். ஹெச்ஐவி பரிசோதனை முடிவையோ, கருக்கலைப்புக் குறிப்பையோ, மனநல மருத்துவரிடம் சொன்னதையோ மாற்றி வாங்க முடியாது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. சுமார் 33,000 நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள் திருடப்பட்டன. நிறுவனத்திடம் பணம் கேட்டு மிரட்டியது பலிக்காமல் போகவே, 2020 அக்டோபரில் திருடியவர் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினார். 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ பிட்காயினாகத் தராவிட்டால் தொகை 500 ஆகும், அதுவும் வராவிட்டால் குறிப்புகள் வெளியாகும் என்பது மிரட்டல். பின்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு நிறுவனத்துக்கு 6,08,000 யூரோ அபராதம் விதித்தது. அதற்குள் நிறுவனம் திவாலாகியிருந்தது. குற்றவாளிக்கு 2024-இல் மாவட்ட நீதிமன்றம் ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறை விதித்தது. தண்டனையும் அபராதமும் வந்த பிறகும், இழப்பீடு தர வேண்டிய கல்லாப்பெட்டி காலியாக இருந்தது. தகவல் கசிவு வழக்குகளில் இந்த நிலைமை மறுபடி மறுபடி வரும்.

இந்தியாவுக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்து, 2009 அக்டோபர் 27 முதல் அமலில் இருக்கும் 43-ஏ பிரிவுதான் நோயாளி கையில் இருக்கும் நேரடி ஆயுதம். கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் அந்தரங்கத் தகவலைக் காப்பதில் ஒரு நிறுவனம் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. எவை அந்தரங்கத் தகவல் என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் பட்டியலிடுகின்றன. உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவுகள், நோய் வரலாறு எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன.

'நிறுவனம்' என்பதற்கு அங்கே கொடுத்திருக்கும் பொருளும் கவனிக்கத்தக்கது. கம்பெனி மட்டுமல்ல, கூட்டாண்மை, தனி உரிமையாளரின் தொழில், தொழில்முறைப் பணி செய்யும் சங்கம் வரை அடங்கும். கார்ப்பரேட் மருத்துவமனைக்கு எவ்வளவு பொறுப்போ, தெருமுனையில் ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக்குக்கும் அவ்வளவு பொறுப்பு. அந்த மாதிரி கிளினிக்குகளில் நாம் எல்லோரும் பார்த்திருப்போம்: வரவேற்பு மேசையில் ஒரு கம்ப்யூட்டர், ஊழியர் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அந்த பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில். டெஸ்ட் ரிப்போர்ட்டை ஊழியர் தன் சொந்த போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அவர் வேலையை விட்டுப் போகும்போது ரிப்போர்ட்டும் போனோடு போகும். அலட்சியம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இந்தப் பிரிவின் கீழ் ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் நீதிபதி அல்ல, தீர்ப்பளிக்கும் அதிகாரி. ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அந்தப் பொறுப்பை வகிக்கிறார். அவருக்கு அதிகாரம் உள்ள விஷயத்தில் சிவில் நீதிமன்றம் நுழைய முடியாது. மேல்முறையீடு டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயத்துக்கு, அதன் மேல் உயர் நீதிமன்றத்துக்கு. இந்த அதிகாரத்தின் ஆரம்பகால உத்தரவுகளில் பெயர்பெற்ற ஒன்று தமிழ்நாட்டுக்காரருடையது. வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு தூத்துக்குடிக்காரர், போலி மின்னஞ்சலில் ஏமாந்து வங்கிக் கணக்கில் இருந்த சுமார் ஆறரை லட்சத்தை இழந்தார். 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் செயலாளர், வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். வங்கி விடவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை உறுதி செய்தது 2019-இல். ஒன்பது வருஷம்.

அது பணம் போன வழக்கு, போன தொகை பாஸ்புக்கில் தெரிந்தது. மருத்துவத் தகவல் கசிந்தவருக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 43-ஏ கேட்பது 'முறைகேடான நஷ்டம் அல்லது முறைகேடான ஆதாயம்'. இந்தச் சொற்கள் குற்றவியல் சட்டத்தில் சொத்து இழப்பைக் குறித்தே வழங்கி வந்தவை. நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது, அலுவலகத்தில் ஒதுக்கினார்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை என்பவற்றை இந்தச் சொற்களுக்குள் அடக்குவது வக்கீலின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. அலட்சியத்தை நிரூபிக்கும் சுமையும் நோயாளி தலையில். சர்வர் லாக் யாரிடம் இருக்கிறது? எதிராளியிடம்.

இவ்வளவு குறை உள்ள பிரிவும் இப்போது போகப் போகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டு 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பிரிவுகள் உடனே அமலுக்கு வந்தன. மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் அமலுக்கு வரும். அதே நாளில், அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவு, பழைய 43-ஏ-வை நீக்கிவிடும்.

புதிய சட்டத்தின் அபராதங்கள் பெரியவை. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத குற்றத்துக்கு 250 கோடி வரை, கசிவை வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்காததற்கு 200 கோடி வரை. செய்தித்தாள் தலைப்புகளில் இந்தத் தொகைகள்தான் வந்தன. தலைப்பில் வராதது 34-ஆம் பிரிவு. வசூலாகும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். அதில் நோயாளிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நோயாளிக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. போதாக்குறைக்கு, பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் புகார்தாரருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

இது தவறுதலாக விட்டுப்போனதல்ல. தரவுச் சட்டத்துக்கு முதல் வரைவு தயாரித்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த வரைவில் இழப்பீட்டுப் பிரிவு இருந்தது. 2019-இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவிலும் இருந்தது. இரண்டிலும் உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்புக்கு உரியதாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2018-இல் சுகாதார அமைச்சகமே மருத்துவத் தகவலுக்கென்று தனி வரைவுச் சட்டம் ஒன்று வெளியிட்டு, அதிலும் இழப்பீடு பேசியது. அது சட்டமாகவில்லை. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் இழப்பீடும் இல்லை, 'அந்தரங்கத் தகவல்' என்ற தனி வகையும் இல்லை. பீட்சா ஆர்டர் செய்த விவரமும் புற்றுநோய் பயாப்ஸி முடிவும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஜாதி. ஐந்து வருடத்தில் நோயாளியின் பங்கு வரைவுக்கு வரைவு கரைந்துபோனது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிய சட்டம் நோயாளிக்குத் தருவதும் உண்டு, அது அற்பமில்லை. இன்றைக்கு ஒரு மருத்துவமனையில் கசிவு நடந்தால், 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவின்படி ஆறு மணி நேரத்துக்குள் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த உத்தரவில் இல்லை. ஸ்டார் ஹெல்த் கசிவில் ராய்ட்டர்ஸ் தொடர்புகொண்ட பாலிசிதாரர்கள் சிலர் தங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்றுதான் சொன்னார்கள். புதிய விதிகள் அமலானதும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி, எளிய மொழியில், என்ன கசிந்தது, எப்போது, என்ன விளைவு வரலாம், அவர் என்ன செய்துகொள்ள வேண்டும், யாரிடம் பேசலாம் என்று அறிவிக்க வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த அறிவிப்புக் கடிதம் வேறு எந்த வழக்குக்கும் முதல் ஆவணமாகும். வாரியத்துக்குப் போகும் முன் மருத்துவமனையின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிட்டிருக்க வேண்டும், அவர் பதில் தர 90 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் தரும் வழி எது என்றால், என் பார்வையில் நுகர்வோர் ஆணையம்தான். 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டப்படி 'சேவை' என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அறுவை சிகிச்சை தவறுக்கு நஷ்டஈடு கேட்கப் பழகிய மக்கள், அதே சட்டத்தில் தகவல் கசிவுக்கும் இடம் இருப்பதைக் கவனிப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிடுவதை 'நியாயமற்ற வணிக நடைமுறை' பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

இதில் ஒரு சட்ட நுணுக்கம். ஊழியரோ நிர்வாகமோ தகவலைக் கொடுத்திருந்தால் அந்தப் பிரிவு நேராகப் பொருந்தும். வெளியிலிருந்து ஹேக்கர் புகுந்து எடுத்திருந்தால், 'நாங்கள் எங்கே வெளியிட்டோம், எங்களிடமே திருடினார்கள்' என்று மருத்துவமனை வாதாடும். ஆகவே புகாரைச் 'சேவைக் குறைபாடு' என்ற அடித்தளத்திலும் கட்ட வேண்டும். அந்தச் சொல்லின் வரையறையில் நுகர்வோருக்கு இழப்போ பாதிப்போ உண்டாக்கும் அலட்சியமும் இருக்கிறது, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் இருக்கிறது. கசிவு தெரிந்தும் நோயாளியிடம் சொல்லாமல் அமுக்கிய மருத்துவமனை, அமுக்கியதற்காகவே பதில் சொல்லும் நிலைமை வரும். மன உளைச்சலுக்கு இழப்பீடு தருவது இந்த ஆணையங்களுக்கு அன்றாட வழக்கம், 43-ஏ-வின் சொத்துக் கணக்கு இங்கே குறுக்கே நிற்காது.

செலவும் குறைவு. எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நாம் கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்குக் கொடுத்த கட்டணம். பில் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. சென்னையில் சிகிச்சை பெற்றவர் தென்காசியில் குடியிருந்தால் அங்கிருந்தே புகார் கொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டு.

தரவுச் சட்டம் வந்தபின் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்குமா என்று மருத்துவமனைத் தரப்பு கேட்கத்தான் போகிறது. அச்சட்டத்தின் 39-ஆம் பிரிவு, வாரியத்துக்கு அதிகாரமுள்ள விஷயங்களில் சிவில் நீதிமன்றத்தைத் தடுக்கிறது. நுகர்வோர் ஆணையம் சிவில் நீதிமன்றம் அல்ல. வாரியத்துக்கோ இழப்பீடு வழங்கும் அதிகாரம் இல்லை, இல்லாத அதிகாரம் இன்னொருவரின் அதிகாரத்தை எப்படித் தடுக்கும்? தந்திச் சட்டத்தில் தனித் தீர்ப்பு முறை இருப்பதால் தொலைபேசி நிறுவனத்தின் மீது நுகர்வோர் புகார் செல்லாது என்ற வாதத்தை 2022-இல் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே வழியில்தான் இதுவும் போக வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. ஆனால் நேரடித் தீர்ப்பு வரும் வரை இது வாதம்தான்.

சாந்தா தீர்ப்பிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாக மருத்துவம் பார்க்கும் இடத்துக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அப்படி முழுக்க இலவசமான அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏழைக்கு நுகர்வோர் ஆணையம் இல்லை. 43-ஏ-வும் தொழில் நடத்தும் நிறுவனங்களைப் பற்றியது என்பதால் அரசு மருத்துவமனை அதற்குள் வருவது கடினம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தபோது ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, ஓ.பி. சீட்டு முதல் எல்லாம் பேனாவுக்குத் திரும்பியது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. முழுக்க இலவசமான அரசு மருத்துவமனை ஒன்றில் இப்படி நடந்து, அங்கே சிகிச்சை பெற்ற ஒருவரின் தகவல் வெளியே போனால் அவருக்கு மிச்சம் இருப்பது உயர் நீதிமன்ற ரிட் மனு. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அரசின் உரிமை மீறலுக்கு ரிட் வழியாகவே நஷ்டஈடு தரலாம் என்பது 1993-இல் நீலபதி பெஹரா வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். அது காவல்நிலைய மரணம் பற்றியது. கசிந்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு நீதிமன்றம் அவ்வளவு தூரம் வருமா என்பது வேறு. புதிய சட்டமோ, அறிவிக்கை மூலம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தந்திருக்கிறது.

சில நோய்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் 2017, தொற்றுள்ளவரின் நிலையை வெளியிடுவதைத் தடுப்பதோடு, பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. புகாருக்கு மாநிலத்தில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே எழுதியிருக்கிறது. இந்தச் சட்டங்கள் வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்னால், 1998-இல், ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் ஹெச்ஐவி தெரியவந்து, அது வெளியாகித் திருமணம் நின்ற ஒருவர் நஷ்டஈடு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். மணப்பெண்ணின் உயிர் பெரிது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் மருத்துவமனை வக்கீல்கள் எடுத்துக்காட்டக்கூடும், ஆனால் அது ஒருவரைக் காப்பாற்றச் சொன்ன தகவல் பற்றியது. அலட்சியத்தால் ஊருக்கே கசிந்ததற்கு அதில் ஆதரவு இல்லை.

டாக்டரே வாய்விட்டிருந்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், உரிமம் இடைநிறுத்தப்படலாம், பணம் வராது. ஒப்பந்தத்தின் கீழ் கையில் வந்த தகவலை வேண்டுமென்றே வெளியிட்டவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72-ஏ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி பதிவுகள், பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகளோடு, யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்தன. கைதுகள் நடந்தன. இந்த மாதிரிச் சமயத்தில் போலீஸ்தான் முதல் தேவை, 1930 உதவி எண்ணும் சைபர் குற்றப் புகார்த் தளமும் அதற்குத்தான். படங்கள் பரவுவதை நிறுத்திய பிறகுதான் இழப்பீட்டைப் பற்றிப் பேச முடியும்.

வெளிநாடுகளில் என்ன என்று கேட்பார்கள். அமெரிக்காவில் மருத்துவத் தகவலைக் காக்கும் 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ் நோயாளி நேரடியாக வழக்குப் போட முடியாது, அரசுத் துறையிடம் புகார்தான். ஆனால் மாநில நீதிமன்றங்கள் வேறு வழி திறந்தன. கனெக்டிகட் உச்ச நீதிமன்றம், ஒரு பெண்கள் மருத்துவ மையம் நோயாளியின் கோப்பை அவர் சம்மதமின்றிக் கொடுத்த வழக்கில், ஹிப்பா விதிகளையே கவனத்தின் அளவுகோலாகக் கொண்டு நஷ்டஈடு கேட்கலாம் என்றது. பென்சில்வேனியாவின் லீஹை வேலி மருத்துவக் குழுமத்தில் 2023-இல் ஹேக்கர்கள் புற்றுநோய் நோயாளிகளின் ஆடையற்ற சிகிச்சைப் படங்களைத் திருடி, கேட்ட பணம் கிடைக்காததால் இணையத்தில் போட்டார்கள். கூட்டு வழக்கு 2024-இல் 6.5 கோடி டாலருக்குச் சமரசமானது. படம் வெளியானவர்களுக்கே அதில் பெரும்பங்கு. சிங்கப்பூரில் 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவல் மீதான கட்டுப்பாட்டை இழந்தது மட்டும் போதாது, மனவேதனை இருந்தால் வழக்குப் போடலாம் என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2023-இல், தகவல் தவறாகப் பயன்படுமோ என்ற அச்சமே இழப்பீட்டுக்குரிய பாதிப்பாகலாம் என்றது.

நம்மூரில் அமெரிக்கா மாதிரி கூட்டு வழக்கு ஏன் எழும்பவில்லை என்பதற்கு ஒரு காரணம் வக்கீல் கட்டணம். அங்கே ஜெயித்தால் பங்கு என்று வக்கீல்கள் வழக்கைச் சுமக்கிறார்கள். இங்கே வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. நுகர்வோர் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒரே குறை உள்ள பலருக்காகச் சிலர் அனுமதி பெற்றுப் புகார் கொடுக்க இடம் தருகிறது. ஒரு மருத்துவமனையில் ஐயாயிரம் பேரின் தகவல் போயிருந்தால், இதுதான் கையில் இருக்கும் கருவி. நுகர்வோர் சங்கங்கள் இதை எடுத்தால் நல்லது.

எந்த வழியில் போனாலும் கையில் இருக்க வேண்டியவை இவைதான். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, நோயாளி எண், கசிவு பற்றி வந்த குறுஞ்செய்தி, அதன் பிறகு வந்த மோசடி அழைப்புகளின் தேதியும் நேரமும். தன் தகவல் வெளியே இருப்பதைக் கண்டவர் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல், இணைய முகவரியும் தேதியும் தெரிய எடுத்து வைக்க வேண்டும். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சேர்க்க, பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, என் தகவல் போனதா, எது, எப்போது தெரிந்தது என்று கேட்பது நல்லது. பதில் வந்தால் அது சாட்சி, வராவிட்டால் அந்த மௌனமும் சாட்சி.

2027 மே மாதத்துக்கு முன் தகவல் கசிந்தவர்கள் 43-ஏ போய்விட்டது என்று கைவிட வேண்டியதில்லை. பொது விதிகள் சட்டம் 1897-இன் 6-ஆம் பிரிவு, ஒரு சட்டப் பிரிவு ரத்தாகும் முன் உண்டான உரிமையை அந்த ரத்து அழிக்காது என்கிறது. 'நீக்கம்' என்ற சொல்லும் ரத்தையே குறிக்கும் என்று 2015-இல் ஃபைபர் போர்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் குழந்தையின் தகப்பனார் வழக்குப் போட்டால் அது பழைய சட்டத்தின்படியே நடக்கும். 2027 கோடைக்குப் பிறகு கசியும் ரிப்போர்ட்டுக்குத்தான் அந்த வசதி இருக்காது. அப்போது நோயாளிக்கு முறையாக ஒரு அறிவிப்புக் கடிதம் வரும், அபராதம் டெல்லிக்குப் போகும், இழப்பீடு வேண்டுமானால் அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வரிசையில் நிற்க வேண்டும்.